சாய்ந்த மரமும் பறந்த தகரமும்: சேதத்தைப் பார்த்துக் காற்றின் வலிமையைக் கணிக்கும் முறை

சித்திரை, வைகாசி மாதங்களில் கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கங்களில் ஒரு மாலைப்பொழுது இடி முழக்கத்தோடு காற்று எழுந்து அடங்கினால், மறுநாள் நாளிதழில் ‘சூறாவளிக் காற்றுக்கு வாழைகள் சாய்ந்தன’ என்ற செய்தி தவறாமல் வந்துவிடும். வங்கக் கடலில் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும் புயலையும், அமெரிக்கச் சமவெளிகளில் மேகத்திலிருந்து தும்பிக்கை போல இறங்கித் தரையைத் துழாவும் டொர்னாடோவையும், நம் தோட்டத்தில் கால் மணி நேரம் ஆடிவிட்டுப் போகும் கோடைச் சூறையையும் இந்த ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கம். அந்தக் காற்று எவ்வளவு வேகத்தில் வீசியது என்று கேட்டால், ‘பேய்க்காத்து’ என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இருப்பதில்லை. பதில் வேண்டியவர்களோ பலர்: இழப்பீட்டுக்கு மனு எழுதுபவர், கோழிக் கொட்டகையைத் திரும்பக் கட்டப்போகிறவர், அடுத்த போகத்துக்கு முட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று கணக்குப் போடுபவர். டொர்னாடோக்களின் வலிமையை வானிலையாளர்கள் எந்த முறையில் கண்டறிகிறார்களோ, அதே முறையைச் சில திருத்தங்களோடு நம் ஊர்ச் சூறைக்கும் பயன்படுத்தலாம். அதற்கான வழிகாட்டி இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டொர்னாடோவுக்குச் சொல்லப்படும் வேகம் பெரும்பாலும் கருவியால் அளந்த வேகம் இல்லை. எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்து, இதை உடைக்க இவ்வளவு காற்று வேண்டியிருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணித்த வேகம் அது. ஆகவே உடைந்த பொருளின் உறுதி தெரியாதவருக்குக் காற்றின் வேகமும் தெரியாது. கீழே வரும் எல்லாமே இந்த ஓர் உண்மையின் விரிவுதான்.

கருவியால் ஏன் அளப்பதில்லை?

கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி 1846ஆம் ஆண்டிலிருந்தே வழக்கில் இருக்கிறது. ஆனால் டொர்னாடோவின் பாதை பெரும்பாலும் சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் அகலம் மட்டுமே. அந்தக் குறுகிய பட்டைக்குள் ஒரு காற்றுமானி தற்செயலாக நின்றிருக்க வேண்டும், நின்றிருந்தாலும் பறந்து வரும் பலகைக்கும் தகரத்துக்கும் தப்பியிருக்க வேண்டும். டிம் சமாரஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 2003 ஜூன் 24 அன்று தெற்கு டக்கோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூருக்கருகே ஒரு டொர்னாடோ வரும் வழியில் தட்டையான கூம்பு வடிவக் கருவியைத் தரையில் வைத்துவிட்டு விலகினார். அது கடந்த நொடிகளில் காற்றழுத்தம் 100 மில்லிபார் அளவுக்குச் சரிந்ததைக் கருவி பதிவு செய்தது. இத்தகைய பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

காற்றின் வேகத்தைத் தொலைவிலிருந்தே அளக்கும் டாப்ளர் ராடார் இருக்கிறதே என்று கேட்கலாம். ராடாரின் கதிர் நேராகச் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. அரை பாகைச் சாய்வில் அனுப்பப்படும் கதிர் 200 கிலோமீட்டர் தொலைவை எட்டும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அது மேகத்தின் நடுப்பகுதியைப் பார்க்குமே தவிர, நம் வாழைத் தோப்பின் உயரத்தில் நடப்பதைப் பார்க்காது. மேற்குத் தொடர்ச்சி மலை நடுவில் நின்றால் அதுவும் இல்லை. வண்டியில் ஏற்றிச் செல்லும் ராடார்களைக் கொண்டு டொர்னாடோவை நெருங்கி அளந்ததுண்டு. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே உருவான, 4.2 கிலோமீட்டர் அகலம் வரை விரிந்த டொர்னாடோவில் மணிக்குச் சுமார் 475 கிலோமீட்டர் வேகத்தை அப்படி ஒரு ராடார் கண்டது. ஆயினும் அது பெரும்பாலும் திறந்த வயல்வெளியில் சென்றதால், உடைந்த பொருள்களைக் கொண்டு அதற்குக் கிடைத்த தரம், ஐந்தாம் நிலை வரை செல்லும் அளவுகோலில் மூன்றாம் நிலை மட்டுமே. முன்னர்ச் சொன்ன சமாரஸ் உயிரிழந்ததும் அந்த டொர்னாடோவில்தான். உடைக்க ஒன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு வலிய காற்றும் எளிய காற்றாகவே கணக்கில் ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அளவுகோல் உருவான விதம்

டெட்சுயா ஃபூஜிட்டா ஜப்பானில் 1920இல் பிறந்தவர். 1945இல் அணுகுண்டு விழுந்த இடங்களுக்குச் சென்று, மரங்களும் கட்டடங்களும் எந்தத் திசையில் சாய்ந்து கிடந்தன என்பதைக் குறித்துவந்தார். பிற்பாடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1971இல், டொர்னாடோக்களுக்கு எஃப்-0 முதல் எஃப்-5 வரையிலான அளவுகோலை வகுத்தார். கடலோடிகள் காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலின் உச்சமான 12ஆம் நிலையை ஒரு முனையாகவும் ஒலியின் வேகத்தை மறுமுனையாகவும் வைத்து, இடைவெளியைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்துப் பெற்ற எண்கள் அவை. எண்கள் கணக்காக இருந்தனவே ஒழிய, அந்தந்த வேகம்தான் அந்தந்த வீட்டை இடித்தது என்பதற்குச் சோதனை ஆதாரம் இருக்கவில்லை. நன்றாகக் கட்டப்படாத வீட்டை மணிக்கு 420 கிலோமீட்டர் காற்று வேண்டாம், 320 கிலோமீட்டரே துடைத்துவிடும் என்று பொறியாளர்கள் பின்னர்ச் சுட்டிக்காட்டினர்.

அதனால் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் காற்றியல் பொறியாளர்கள் முன்னின்று திருத்திய புதிய அளவுகோல் 2007 பிப்ரவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் மேம்படுத்தப்பட்ட ஃபூஜிட்டா அளவுகோல், சுருக்கமாக இ.எஃப். அதில் மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வரை இ.எஃப்-0, 138 முதல் 177 வரை இ.எஃப்-1, 178 முதல் 217 வரை இ.எஃப்-2, 218 முதல் 266 வரை இ.எஃப்-3, 267 முதல் 322 வரை இ.எஃப்-4, அதற்கு மேற்பட்டது இ.எஃப்-5. இவை தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் 3 வினாடி நீடிக்கும் வீச்சின் வேகங்கள்.

இந்த 3 வினாடி என்ற சொல்லைக் கவனிக்காமல் விடுபவர்கள்தான் பெரும்பாலும் குழம்புகிறார்கள். புயல்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்வது 3 நிமிடச் சராசரி. போஃபோர்ட் அளவுகோலின் வேகங்களோ 10 நிமிடச் சராசரி. சராசரிக் காற்றைவிட அதனுள் வரும் திடீர் வீச்சு ஒன்றரை மடங்கு வரை கூடுதலாக இருக்கக்கூடும். போஃபோர்ட் 10ஆம் நிலையில், அதாவது மணிக்கு 89 முதல் 102 கிலோமீட்டரில், மரங்கள் வேரோடு சாயும் என்று படித்துவிட்டு, இ.எஃப். பட்டியலில் அதே சேதத்துக்கு 146 கிலோமீட்டர் என்று பார்த்தால் இரண்டில் ஒன்று பொய் என்று தோன்றும். இரண்டும் பொய்யில்லை, அளந்த கால அளவுதான் வேறு.

இ.எஃப். முறையில் 28 வகைப் பொருள்கள் சான்றுகளாக வகுக்கப்பட்டிருக்கின்றன. சிறு களஞ்சியம், தனி வீடு, பள்ளிக்கூடம், மின்கம்பி கோபுரம், அகன்ற இலை மரம், ஊசியிலை மரம் என்று அந்தப் பட்டியல் செல்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் சேதப் படிநிலைகள் உண்டு. ஒவ்வொரு படிநிலைக்கும் எதிர்பார்க்கும் வேகம் ஒன்றும், கீழ்வரம்பும் மேல்வரம்பும் தரப்பட்டுள்ளன. பொருள் சராசரி உறுதியோடு இருந்தால் நடு எண்ணையும், நோஞ்சானாக இருந்தால் கீழ்வரம்பையும், வழக்கத்தைவிட வலுவாக இருந்தால் மேல்வரம்பையும் நோக்கி நகர வேண்டும். நம் ஊருக்கு மிகவும் பயன்படுவது அகன்ற இலை மரங்களுக்கான வரிசைதான்: சிறு கொம்புகள் ஒடிந்தால் மணிக்கு 97 கிலோமீட்டர், பெருங்கிளைகள் முறிந்தால் 119, வரம்பு 98 முதல் 142 வரை, மரம் வேரோடு சாய்ந்தால் 146, வரம்பு 122 முதல் 190 வரை, அடிமரமே முறிந்தால் 177, வரம்பு 150 முதல் 216 வரை, பட்டை உரிந்து மொட்டை மரம் நின்றால் 230.

களத்தில் என்ன செய்ய வேண்டும்

சேதத்தை அப்புறப்படுத்துவதற்கு முன் போய்விட வேண்டும். மரம் அறுக்கும் இயந்திரமும் பொக்லைனும் வந்த பிறகு படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதே வேளையில், அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மின்வாரிய ஊழியர் உறுதி செய்யும் வரை ஈரத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. உடைந்த சிமெண்ட் அட்டைத் துண்டுகளைக் கையாளும்போது முகத்தை மூடிக்கொள்ள வேண்டும், அதன் தூளில் கல்நார் இருக்கக்கூடும்.

முதல் வேலை வேகத்தைக் கணிப்பதன்று, திசையைக் குறிப்பது. ஒரு தாளில் தோட்டத்தின் வரைபடத்தைப் போட்டு, சாய்ந்த ஒவ்வொரு மரத்துக்கும் வேரிலிருந்து நுனியை நோக்கி ஓர் அம்புக்குறி வரையுங்கள். கைப்பேசியில் உள்ள திசைகாட்டியே போதும். ஐம்பது அறுபது அம்புகள் சேர்ந்ததும் ஒரு வடிவம் தென்படும். அம்புகள் ஓரிடத்திலிருந்து விசிறிபோல விரிந்தால், அது மேகத்திலிருந்து கொட்டிய காற்று தரையில் மோதி நாலாபுறமும் சிதறிய இறங்குகாற்று. வாளித் தண்ணீரைக் களத்தில் கவிழ்த்தால் சிதறுவதுபோல. அம்புகள் ஒரு குறுகிய பட்டையின் நடுக்கோட்டை நோக்கிக் கூடி, ஒன்றையொன்று குறுக்கிட்டால் அது சுழன்று சென்ற காற்று. எல்லாம் ஒரே திசையில் இணையாகக் கிடந்தால் இடிமேகக் கூட்டத்தின் முன்னால் வரும் நேர்க்காற்று. இறங்குகாற்றைத் தனி நிகழ்வாக அடையாளம் கண்டவரும் ஃபூஜிட்டாதான். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கும்போது விழுந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தை ஆராய்ந்தபோது, முன்பு குண்டு விழுந்த இடங்களில் பார்த்த விசிறி வடிவமே அவருக்கு வழிகாட்டியது. கொங்கு நாட்டுக் கோடைச் சூறைகளில் நான் வரைந்து பார்த்தவை எல்லாம் விசிறியாகவோ இணையாகவோதான் அமைந்தன. ‘சுழற்றிப் பிடுங்கியது’ என்று ஊரார் உறுதியாகச் சொன்ன இடங்களிலும்கூட.

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை ஓயாமல் வீசும் மேல்காற்றால் அங்குள்ள தென்னையும் வேம்பும் பிறந்தது முதலே கிழக்கு நோக்கிச் சாய்ந்து வளர்ந்தவை. அத்தகைய மரம் கிழக்கே விழுந்தால் அது காற்றின் திசையைச் சொல்கிறதா, தன் பழைய கோணலைச் சொல்கிறதா என்று தெரியாது. நிமிர்ந்து வளர்ந்த இளமரங்களையே திசைக்குச் சாட்சியாகக் கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்தப் பொருளைச் சான்றாகக் கொள்வது என்ற கேள்வி. வாழையை நம்பி வேகத்தை எழுத வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று வாழையைச் சேதப்படுத்தும் என்று சாகுபடிக் குறிப்புகள் சொல்கின்றன. அளவுகோல் தொடங்கும் 105 கிலோமீட்டருக்கு முன்பே வாழை தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்துவிடும். ஆயிரம் வாழை சாய்ந்தாலும் பத்தாயிரம் சாய்ந்தாலும் அதிலிருந்து கிடைப்பது ‘எண்பதுக்கு மேல்’ என்ற ஒரு செய்திதான். எண்ணிக்கை இழப்பின் அளவைச் சொல்லும், காற்றின் அளவைச் சொல்லாது. இருந்தாலும் சில நுணுக்கங்கள் வாழையில் உண்டு. தார் விட்ட மரம் தலைக்கனத்தால் முந்திச் சாயும். தார் விடாத இளங்கன்றும் இடுப்போடு ஒடிந்திருந்தால் காற்று கூடுதல் வலுவானது. கவுந்தப்பாடிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் என் மாமா ஒருமுறை, “முட்டுக் குடுத்ததெல்லாம் நிக்குது கண்ணு, குடுக்காத வரிசைதான் படுத்துப் போச்சு” என்று காட்டினார். எனக்கு அது மிக நல்ல அளவீடாகப் பட்டது. விழுந்தது கீழ்வரம்பையும் நின்றது மேல்வரம்பையும் ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டன. சேதத்தைப் பார்க்கப் போகிறவர்கள் விழுந்ததை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நிற்பதையும் எடுக்க வேண்டும்.

மரங்களில் வேம்பும் புளியும் நல்ல சான்றுகள். ஆனால் வேர்க்குழியை எட்டிப் பார்க்காமல் எண்ணை எழுதிவிடக் கூடாது. செம்மண் இரண்டடி ஆழம்கூட இல்லாமல் கீழே பாறையோ சுண்ணாம்புக்கல்லோ தட்டும் மேட்டுக்காட்டில் வேர் படர்ந்திருக்குமே தவிர இறங்கியிருக்காது. சாலை விரிவாக்கத்துக்காக ஒரு பக்க வேர் வெட்டப்பட்ட மரம், கரையான் அரித்து உள்ளே பொந்தான மரம், முதல் நாள் மழையில் மண் ஊறிப்போன வாய்க்கால் கரை மரம் ஆகியவற்றுக்கும் கீழ்வரம்பே பொருந்தும். தென்னைக்கும் பனைக்கும் இ.எஃப். பட்டியலில் தனி வரிசை இல்லை. வேம்புக்கான எண்ணை அவற்றின் மீது ஏற்றுவது தவறு. வளைந்து கொடுக்கும் மரமும் விறைத்து நிற்கும் மரமும் ஒரே காற்றுக்கு ஒரே விதமாக உடைவதில்லை.

இனித் தகரம். அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். காற்று ஒரு பரப்பின் மீது செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. வினாடிக்கு மீட்டரில் வேகத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். பத்தால் வகுத்தால் தோராயமாகக் கிலோ. வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு 6 கிலோ. 20 மீட்டரில் 24 கிலோ. 40 மீட்டரில் 96 கிலோ. சாதாரணக் கூரைத் தகரம் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ எடைதான் இருக்கும். ஆகவே பிணைக்காமல் மேலே கல் மட்டும் வைத்த தகரத்தைத் தூக்க ஆடிக் காற்றே போதும்; அம்மியை நகர்த்துவதாகப் பழமொழி பெற்ற காற்றுக்குத் தகரம் எம்மாத்திரம். பறந்த தகரம் எவ்வளவு தூரத்தில் கிடந்தது என்று எல்லோரும் அளக்கிறார்கள். அளக்க வேண்டியது அது பிடுங்கிக்கொண்டு வந்த இடத்தை. கொக்கி ஆணி நிமிர்ந்து விட்டதா, ஆணி மரச்சட்டத்தில் அப்படியே நிற்கத் தகரம் மட்டும் ஓட்டையோடு கிழிந்து வந்ததா, இரும்புக் குழாயோடு சேர்த்துப் பெயர்ந்ததா, அல்லது தூணே காங்கிரீட் அடித்தளத்தோடு வெளியே வந்ததா? ஒவ்வொன்றும் முந்தையதைவிட வலுவான பிணைப்பு தோற்றதைக் காட்டுகிறது. மூன்று சதுர மீட்டர்த் தகரம் ஒன்று 40 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 290 கிலோ இழுப்பைக் கொக்கிகளுக்குக் கொடுக்கிறது. கூரையின் விளிம்பிலும் மூலையிலும் இழுப்பு அதைவிடக் கூடுதல். விளிம்பு வரிசை மட்டும் போய் நடுக்கூரை நின்றிருப்பது இதனால்தான். பக்கங்கள் திறந்த கோழிக் கொட்டகையில் காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தள்ளுவதால், அதே தகரம் மூடிய விசைத்தறிக் கூடத்தைவிடக் குறைந்த காற்றிலேயே போய்விடும்.

ஓட்டு வீடும், சாளை எனப்படும் தோட்டத்துக் குடிலும் இ.எஃப். பட்டியலில் இல்லாதவை. அமெரிக்க வீட்டுக்கு எழுதிய எண்ணை அவற்றுக்குப் பொருத்துவதைவிட, அவற்றின் நிலையை மட்டும் விவரித்துவிட்டு எண்ணை மரங்களிடமிருந்து பெறுவது நேர்மையானது. இதே சிக்கல் பெரிய அளவிலும் உண்டு. வங்கதேசத்தின் தவுலத்பூர், சாட்டூரியா பகுதியில் 1989 ஏப்ரல் 26 அன்று சுமார் 1,300 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் டொர்னாடோ, எளிய வீடுகள் நிறைந்த ஊர்களின் வழியே சென்றது. அத்தகைய வீடுகள் நடுத்தரக் காற்றிலேயே முழுதாக அழிந்துவிடுவதால், அதற்கு மேல் காற்று எவ்வளவு இருந்தது என்பதை அவற்றால் சொல்ல முடியாது. இறந்தோர் எண்ணிக்கை காற்றின் அளவுகோல் ஆகாது.

கருவிப் பதிவு கிடைக்குமானால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் வட்டாரங்களில் காற்றாலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு காற்றாலையின் தலையிலும் ஒரு காற்றுமானி உண்டு. பக்கத்துக் காற்றாலையின் பராமரிப்பாளரைக் கேட்டால் அந்த நேரத்துப் பதிவு கிடைக்கலாம். அதிலும் இரண்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்: அது பெரும்பாலும் 10 நிமிடச் சராசரி, உயரமும் 10 மீட்டரைவிடப் பல மடங்கு அதிகம். வினாடிக்குச் சுமார் 25 மீட்டர் வந்ததும் பெரும்பாலான காற்றாலைகள் தாமாக நின்றுவிடும். எத்தனை மணிக்கு நின்றது என்பதே ஒரு தகவல்.

கணக்கை முடிக்கும் விதம்

ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். முட்டுக் கொடுத்த வாழை பாதி சாய்ந்திருக்கிறது. வேலி ஓரத்து வேம்பு இரண்டு வேரோடு விழுந்திருக்கின்றன, குழியில் ஒன்றரை அடியில் பாறை தெரிகிறது. கிணற்றோரப் புளியமரத்தில் தொடையளவுக் கிளை ஒன்று முறிந்திருக்கிறது, மரம் நிற்கிறது. கொட்டகையின் மேற்கு விளிம்பில் ஒரு வரிசைத் தகரம் கொக்கி நிமிர்ந்து போயிருக்கிறது. மின்கம்பங்கள் நேராக இருக்கின்றன. அம்புகள் எல்லாம் தென்கிழக்கே, லேசாக விரிந்து கிடக்கின்றன.

வேம்புக்கு 122 முதல் 190. பாறை மேல் நின்றதால் கீழ்வரம்பு, ஆக 120 ஒட்டி. புளியின் பெருங்கிளைக்கு 98 முதல் 142, நடுவில் 119. புளி வேரோடு சாயவில்லை, ஆகவே சராசரி உறுதியுள்ள மரத்தைச் சாய்க்கும் 146ஐக் காற்று எட்டியிருக்க வாய்ப்புக் குறைவு. இவை மூன்றும் 110க்கும் 130க்கும் இடையில் ஒன்றையொன்று தொடுகின்றன. வேகம் இ.எஃப்-0 எல்லைக்குள் விழுந்தாலும், அம்புகள் விரிந்து கிடப்பதால் இது டொர்னாடோ இல்லை. அமெரிக்காவிலும் நேர்க்காற்றுச் சேதத்துக்கு இ.எஃப். எண் கொடுப்பதில்லை, வேகத்தை மட்டும் குறிப்பிடுவார்கள். எனவே அறிக்கையில் ‘இறங்குகாற்று, 3 வினாடி வீச்சு, மணிக்கு 110 முதல் 130 கிலோமீட்டர், ஆதாரம் வேம்பும் புளியும்’ என்று எழுத வேண்டும். ஒற்றை எண்ணாகச் சுருக்கினால் இல்லாத துல்லியத்தை உரிமை கொண்டாடுவதாகிவிடும்.

கொட்டகையைத் திரும்பக் கட்டுபவருக்கு இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணும் வேண்டும். இந்தியக் கட்டுமான விதித்தொகுப்பான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க 3 வினாடி வீச்சாகக் கோயம்புத்தூருக்கு வினாடிக்கு 39 மீட்டரையும், கடலோரச் சென்னைக்கு 50 மீட்டரையும் விதிக்கிறது. 39 மீட்டர் என்பது மணிக்கு 140 கிலோமீட்டர். கணித்த காற்று 130ஐத் தாண்டாதிருக்க விளிம்புத் தகரம் போயிருந்தால், அந்தக் கொக்கிகள் விதி கேட்கும் உறுதிக்குக் குறைவாக இருந்தன என்று பொருள். மேற்கு விளிம்பிலும் நான்கு மூலைகளிலும் கொக்கிகளின் இடைவெளியைப் பாதியாக்கச் சொல்லிக் கொத்தனாரிடமும் வெல்டரிடமும் கொடுக்க வேண்டிய தாள் அதுதான்.